பிளாஸ்ட் பீட்: தமிழில் சூறையடி

டெத் மெட்டல், கிரைண்ட்கோர், பிளாக் மெட்டல் என்ற உரத்த, கனமான ராக் இசை வகைகளின் பாட்டுகளில் ட்ரம்மர் இரண்டு கையையும் மாற்றி மாற்றி, இடைவெளி விடாமல் அடித்துக்கொண்டே போகும் அடிமுறைக்குப் பிளாஸ்ட் பீட் என்று பெயர். வலக்கை ஹைஹாட்டிலோ (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) ரைடு சிம்பலிலோ (பெரிய ஒற்றைத் தட்டு) விழும்போது கால் பெடலை மிதித்து, தரையில் நிற்கும் பெரிய பேஸ் ட்ரம்மை அடிக்கிறது. அடுத்த அடி இடக்கையால் ஸ்நேரில், அதாவது அடியில் கம்பிகள் கட்டிய சிறிய ட்ரம்மில். மறுபடி வலக்கை. அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டில் இது வெறும் ‘தக தக தக தக’தான். ‘த’ என்பது சிம்பலும் பேஸும் சேர்ந்தது, ‘க’ என்பது ஸ்நேர். அமைப்பு இவ்வளவு எளிது. கஷ்டமெல்லாம் வேகத்திலும், ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழ வேண்டும் என்பதிலும் இருக்கிறது.

வேகத்தைக் கிளிக் ஒலியால் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 200 கிளிக்கில் வைத்து, ஒரு கிளிக்குக்கு ஒரு ‘தகதக’ அடித்தால் நிமிடத்துக்கு 800 அடி, நொடிக்குப் பதிமூன்றுக்கு மேல். ஒரு கைக்கு மட்டும் நிமிடத்துக்கு 400. சிலர் ஸ்நேரில் விழும் ஒவ்வொரு அடியையும் ஒரு கிளிக்காக எண்ணி, இதே வேகத்தை 400 என்பார்கள். அதனால் யாராவது வேகத்தை எண்ணில் சொன்னால், ‘கிளிக்குக்கு எத்தனை அடி’ என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்த அடி 1980களின் ஹார்ட்கோர் பங்க், கிரைண்ட்கோர் குழுக்களிடம் உருவானது. பெயரைப் பரப்பியவர் இங்கிலாந்தில் பர்மிங்காமின் நேபாம் டெத் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த மிக் ஹாரிஸ். அக்குழுவின் ‘ஸ்கம்’ ஆல்பம் 1987இல் வந்தது. டெரரைசர் என்ற கிரைண்ட்கோர் குழுவில் வாசித்த பீட் சாண்டோவால் மார்பிட் ஏஞ்சலில் சேர்ந்து, 1989இல் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ ஆல்பத்தில் வாசித்தார். டெத் மெட்டலில் இந்த அடி ஊன்றிக்கொண்டதற்கு அந்த ஆல்பம் பெரிய காரணம்.

சிக்கலான கணக்குகளில் வாசிக்கும் டெக்னிக்கல் டெத் மெட்டலில் இதன் வேலை வேறு. அதற்கு நல்ல உதாரணம், கனடாவில் கியூபெக்கின் கோர்கட்ஸ் குழு 2013இல் வெளியிட்ட, அனுபவசாலிகள் கூடிச் செய்த ‘கலர்டு சாண்ட்ஸ்’ ஆல்பம். லுக் லெமே, டிஸ்ரித்மியா குழுவைச் சேர்ந்த கெவின் ஹஃப்நேகல், காலின் மார்ஸ்டன், ஆரிஜின் குழுவில் அசுர வேகத்தில் வாசித்த ஜான் லாங்ஸ்ட்ரெத் ஆகிய நால்வரும் அதில் இருக்கிறார்கள். லாங்ஸ்ட்ரெத் நினைத்தால் தொடக்கம் முதல் கடைசிவரை இதையே அடிக்கலாம். ஆனால் மெதுவான, கனமான பகுதிகளுக்கு நடுவே தேவைப்படும் இடத்தில்தான் இந்த அடி இறங்குகிறது. அதனால்தான் இறங்கும்போது அதற்கு அத்தனை பலம்.

இந்த இசையில் கிட்டார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, பெரும்பாலும் ஒற்றைப்படைக் கணக்கில் ஓடும், சிக்கலும் அங்கேதான் தொடங்கும். ஒரு சுற்று ‘தகதிமி தகதிமி தகதிமி தகிட’ என்று பதினைந்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கையில் தொடங்கினால் பதினைந்தாவது அடியும் வலக்கையில் முடியும். அடுத்த சுற்று இடக்கையில், அதாவது ஸ்நேரில் பிறக்கும். இதைக் கவனிக்காதவர் இரண்டாவது சுற்றில் தடுமாறி, ரிஃப்பை விட்டு விலகிவிடுவார். வழி இரண்டு: கடைசி ‘கிட’வை ஒரே கையில் இரட்டை அடியாக அடித்து அடுத்த சுற்றை வலக்கைக்குத் திருப்புவது, அல்லது கை மாறியபடியே விட்டு, முப்பது அடிக்கு ஒரு முறை வலக்கையும் சுற்றின் தொடக்கமும் சேரும் என்று கணக்கு வைத்துக்கொள்வது. இரண்டாவதுதான் கேட்க அழகு. வாயால் சொற்கட்டைச் சொல்லிப் பழகியவருக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘பிளாஸ்ட்’ என்றதும் பலரும் ‘வெடி’ என்றே நினைத்து ‘வெடித்தாளம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு பாதியும் பொருந்தவில்லை. வெடி ஒரு முறை வெடித்தால் முடிந்தது. இந்த அடி ஓயாது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பலத்த காற்று என்றுதான் பொருள், வெடிப்பு என்ற பொருள் பின்னால் ஏறியது. ‘தாளம்’ என்றால் ஆவர்த்தனமும் (திரும்பி வரும் முழுச் சுற்று) எண்ணிக்கையும் வேண்டும். இதற்குச் சொந்தமாக எதுவும் கிடையாது, எந்தத் தாளத்துக்குள்ளும் போய் உட்காரும்.

காற்றைக் குறிக்க நம்மிடம் ‘சூறை’ இருக்கிறது. வடசென்னையின் காசிமேட்டு மீனவர்களுக்கு வானிலை அறிவிப்பில் ‘சூறைக்காற்று வீசக்கூடும், கடலுக்குள் செல்ல வேண்டாம்’ என்று இன்றும் வருகிற சொல் அது. பீட்டுக்கு ‘அடி’ போதும். பறையில் ஒத்தையடி, டப்பா அடி, சாவு அடி என்று ஒவ்வொரு வாசிப்புக்கும் அப்படித்தான் பெயர். அந்த வரிசையில் சூறையடியும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். எழுதும்போது ஒரு கவனம் வேண்டும்: ‘சூறையாடி’ என்று நெடில் விழுந்தால் கொள்ளையடித்தது என்று அர்த்தம் மாறிவிடும்.

வகைகளுக்கும் பெயர் தரலாம். சிம்பல், ஸ்நேர், பேஸ் மூன்றும் ஒரே நேரத்தில் விழுவதை, ஆங்கிலத்தில் ஹேமர் பிளாஸ்ட் என்பதை, ‘கூட்டுச் சூறையடி’ எனலாம். குச்சியை ஸ்நேரின் விளிம்பில் வைத்து நெம்பி, ஒரே கையால் இரண்டு அடி எடுக்கும் கிராவிட்டி பிளாஸ்ட் ‘விளிம்புச் சூறையடி’.

பழகுகிறவர்களிடம் வழக்கமாகக் காணும் கோளாறுகள் சில. ஸ்நேர் கை பலவீனமாக இருந்தால் இரண்டு கையும் மாறி விழாமல் ஒட்டி விழுந்து ‘தக’ என்பது ‘த்க’ ஆகிவிடும். மெட்ரோனோமை 100க்கு இறக்கி, இடக்கையை மட்டும் இரண்டு நிமிடம் தனியாக அடித்துவிட்டு இரண்டு கையையும் சேர்க்க வேண்டும். குச்சியின் நுனி இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது. எழும்பினால் வேகம் ஏறாது, முன்கை எரியும். எரிச்சல் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் தோள் இறுகும் பழக்கம்தான் மிஞ்சும். ஐந்து ஐந்தாக ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு கட்டத்தில் மணிக்கட்டு தாங்காது, விரல்கள் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே பத்து இறங்கி மறுபடி ஏறுவது நல்லது.

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்களில் இதை ட்ரம் செட்டில் பழக முடியாது. ரப்பர் பிராக்டிஸ் பேடும் தரையில் ஒரு பெடலும் போதும். கடலோரமாக ராயபுரம், காசிமேடு பக்கம் செட் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றுதான் பிரச்சனை. ஸ்நேருக்கு அடியில் இருக்கும் கம்பிகளும் பெடலின் ஸ்பிரிங்கும் செயினும் துருப்பிடிக்கும். பறையின் தோல் ஈரத்தில் தொய்ந்தால் தீயில் காட்டி இறுக்கலாம். ட்ரம்மின் பிளாஸ்டிக் தோலுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது, அதைத் தீயில் காட்டவே கூடாது. கெடுவது இரும்புதான். துருவேறிய செயினில் கால் ஒரு நூலிழை பின்தங்கும், அந்த வேகத்தில் அதுவே பேஸும் சிம்பலும் பிரிந்து கேட்கப் போதும். வாரம் ஒரு முறை செயினை உலர்ந்த துணியால் துடைத்து இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். வாசித்து முடித்ததும் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பாருங்கள். விரலில் செம்மண் நிறம் ஒட்டினால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது.