வால்வு ஒன்றுக்கு ஓர் ஓம்: பயாஸ் மீட்டர் வாங்கும் முன்

டைனாகோ ஸ்டீரியோ 70 என்ற வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று பழுதுக்கு வந்தது. முகப்பில் பொருத்தியிருந்த பயாஸ் மீட்டர் (பாட்டு இல்லாதபோது வால்வுகள் இழுக்கும் கரன்டைக் காட்டுவது) சரியான அளவைத்தான் காட்டியது. ஆனால் ஒரு வால்வின் பிளேட் (உள்ளே எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) சிவந்து கனன்றுகொண்டிருந்தது. "முள் சரியாத்தானே நிக்குது சார்?" என்றார் கொண்டு வந்தவர்.

மீட்டரில் பழுது இல்லை, அது அளந்த இடம்தான் போதாது. 1959இல் வந்த இந்த ஆம்ப்ளிஃபையரில், ஒரு சேனலின் இரண்டு இஎல்34 வால்வுகளின் கேதோடுகளும் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனைகள்) ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு இறங்குகின்றன. அதில் 1.56 வோல்ட் இருந்தால் மொத்தம் 100 மில்லிஆம்பியர், வால்வுக்கு 50 என்பது கணக்கு. ஒன்று 80, மற்றது 20 இழுத்தாலும் கூட்டுத்தொகை அதே 100தான். பிளேட்டில் 415 வோல்ட் இருக்கும்போது 80 மில்லிஆம்பியர் என்றால் சுமார் 33 வாட். வால்வின் இன்னொரு முனையான ஸ்கிரீனுக்குப் போவதைக் கழித்தாலும், இஎல்34 பிளேட்டின் 25 வாட் வரம்பைத் தாண்டிவிடும்.

அதனால் எந்த மீட்டர் வாங்குவது என்று கேட்பவர்களிடம் முதலில் ரெசிஸ்டரைப் பற்றித்தான் பேசுவேன். ஒவ்வொரு கேதோடுக்கும் தனியாக 1 சதவீதத் துல்லியமுள்ள 1 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். அதில் விழும் 1 மில்லிவோல்ட்தான் 1 மில்லிஆம்பியர். 100 மைக்ரோஆம்பியர் முள் மீட்டரோடு, மீட்டருக்குள் இருக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்து மொத்தம் 1 கிலோஓம் வருமாறு ஒரு ரெசிஸ்டரைத் தொடராக இணைத்தால், 100 மில்லிவோல்ட்டில் முள் கடைசிக்கு வரும். 0–100 ஸ்கேலை அப்படியே மில்லிஆம்பியராகப் படிக்கலாம்.

மில்லிஆம்பியர் மீட்டரையே கேதோடு லைனில் தொடராகப் போடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். காயில் அறுந்தால் கேதோடு அந்தரத்தில் தொங்கும், அதன் வோல்டேஜ் எகிறும். ரெசிஸ்டரின் குறுக்கே வைத்த மீட்டர் செத்தாலும் வால்வு பாட்டுக்கு ஓடும், எந்த வால்வை அளப்பது என்று மாற்றும் செலக்டர் சுவிட்சைத் திருப்பும்போதும் கரன்ட் அறுபடாது. பிளேட் லைனிலோ மீட்டரை வைக்கவே கூடாது: விரல் படும் முகப்புக்கு 400 வோல்ட் வந்துவிடும். வால்வு ஷார்ட் ஆனால் அந்த 1 ஓம் எரிந்து அறுந்துபோகலாம். ஆகவே அதன் குறுக்கே எதிரெதிராக இரண்டு 1என்4007 டயோடுகள் போடுவது என் வழக்கம்.

டிஜிட்டல்தான் பிடிக்கும் என்றால், சரி, 200 மில்லிவோல்ட் மீட்டர் எடுங்கள். 9 வோல்ட்டில் ஓடும் எல்சிடி மீட்டர்கள் பலவற்றுக்குத் தனி சப்ளை வேண்டும். அளக்கும் கிரவுண்டையே சப்ளைக்கும் கொடுத்தால் தப்பாகக் காட்டும். பாட்டு ஓடும்போது இலக்கங்கள் தாவிக்கொண்டே இருக்கும், அப்போது முள்ளைப் படிப்பதுதான் எளிது.

அந்த ஆம்ப்ளிஃபையருக்கு நான்கு 1 ஓம் போட்டு, ஒரே அளவு கரன்ட் இழுக்கும்படி மேட்ச் செய்த வால்வுகள் மாட்டினேன். சேனலுக்கு ஒரே பயாஸ் கன்ட்ரோல் என்பதால் வேறு வழியில்லை. பாட்டு ஓடாமல் 20 நிமிடம் சூடான பிறகு, வால்வுக்கு 42 மில்லிஆம்பியரில் வைத்தேன். 415 வோல்ட்டில் அது பிளேட்டின் 25 வாட் வரம்பில் சுமார் 70 சதவீதம்.