ஒரே பெயரில் இரண்டு லிஸ்ட்

சிங்கப்பூரில் 101-ஆம் புளோக் ஈசூனிலும் உண்டு, அங் மோ கியோவிலும் உண்டு. தெருப் பெயரோ 6 இலக்க அஞ்சல் குறியீடோ இருந்தால்தான் பார்சல் சரியான வீட்டுக்குப் போகும். புரோகிராமிங்கில் கிளாஸ்களுக்கும், அதாவது புரோகிராமைக் கட்டும் துண்டுகளுக்கும், அப்படியொரு முகவரி உண்டு. அதைப் பெயர்வெளி என்கிறோம், ஜாவாவில் பேக்கேஜ்.

இங்கே பாலிடெக்னிக்கில் ஜாவா படிக்கும் பிள்ளைகள் பலர் முட்டி நிற்கும் இடம் லிஸ்ட். திரையில் பட்டியல் காட்ட ஜாவா.ஏடபிள்யூடி.லிஸ்ட், தரவுகளை வரிசையாக வைக்க ஜாவா.யூட்டில்.லிஸ்ட் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டு பேக்கேஜையும் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக இம்போர்ட் செய்துவிட்டு வெறும் லிஸ்ட் என்று எழுதினால், எது என்று கம்பைலர் (நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஊகிக்காது. பிழை காட்டி நின்றுவிடும். நல்லவேளை! தப்பாக ஊகித்திருந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

யூட்டிலுக்குள் லிஸ்ட் ஆரம்பத்தில் கிடையாது. 1998-இல் ஜாவா 1.2 உடன்தான் வந்தது. அதுவரை இரண்டு நட்சத்திரங்களோடு வெறும் லிஸ்ட் என்று எழுதி ஒழுங்காக ஓடிய புரோகிராம்கள், ஓர் எழுத்துகூட மாறாமலே, புது வெர்ஷனில் கம்பைல் ஆகாமல் போயின. நட்சத்திர இம்போர்ட் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். இன்று மோதல் இல்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

தேவையான கிளாஸைப் பெயர் சொல்லி இம்போர்ட் செய்தால் அது நட்சத்திரத்தை மிஞ்சும். இரண்டு லிஸ்டும் வேண்டுமா? ஒன்றை இம்போர்ட் செய்து, மற்றதை முழுப் பெயரோடு எழுத வேண்டும். பைத்தான், சி ஷார்ப், பிஹெச்பியில் மாற்றுப் பெயர் வைக்கலாம்; ஜாவாவில் அந்த வசதி இல்லை.

இம்போர்ட் எதையும் நம் ஃபைலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. சின்னப் பெயரைக் கம்பைலர் முழுப் பெயராக விரித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கம்பைல் ஆன கிளாஸ் ஃபைலில் இருப்பது முழுப் பெயர் மட்டுமே.

நம் பேக்கேஜுக்குப் பெயர் வைக்க இணைய முகவரியைத் திருப்பிப் போடுவது வழக்கம். டாட் காம் டாட் எஸ்ஜி என்று முடியும் நிறுவனத்தின் பேக்கேஜ் எஸ்ஜி.காம் என்று தொடங்கும். ஒரு முகவரி ஒருவருக்குத்தானே சொந்தம்!

சரி, ஒரே லைப்ரரியின் (பிறர் எழுதித் தந்த கிளாஸ்களின் தொகுப்பு) இரண்டு வெர்ஷன்கள் நம் புரோகிராமுக்குள் வந்துவிட்டால்? முழுப் பெயரும் ஒன்றுதான், பெயர்வெளி கைகொடுக்காது. பொதுவாக ஜாவா, தேடும் பாதையில் முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். அது பழைய வெர்ஷனாக இருந்து, வேண்டிய மெத்தட் அதில் இல்லையென்றால், கம்பைல் ஆகும்போது தெரியாத பிழை ஓடும்போது வெடிக்கும். வெர்ஷன்களை ஒன்றாக்க முடியாதபோது, ஒரு லைப்ரரியின் பேக்கேஜ் பெயரையே பில்டு செய்யும்போது மாற்றிவிடுவார்கள். ஜாவா புரோகிராம்களை பில்டு செய்யும் கருவியான மேவனில் அதைச் செய்ய ஷேட் என்ற பிளகின் இருக்கிறது.