இறக்கைக்குத் தரை தெரியாது

டர்பனுக்கு வடக்கே, டோங்காட் பக்கம் ஒரு புல்வெளி. ஓரமெல்லாம் கரும்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மகனின் ரேடியோ விமானம் அந்தக் கரும்புக்குள்தான் தலைகுப்புற விழுந்தது. தோகை கையைக் கீற, அரைமணி நேரம் தேடி எடுத்தோம். இடது இறக்கை முறிந்திருந்தது.

"காற்றுதான் பெரியப்பா, பிடித்துத் தள்ளிவிட்டது" என்றான்.

காற்றின்மேல் பழி போடுவது எங்கள் கூட்டத்தில் பழைய வழக்கம். மோட்டார் கம்பியைக் கழற்றிவிட்டு ரிமோட் குச்சிகளை அசைத்துப் பார்த்தோம். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் சரியான பக்கமே திரும்பின. பேட்டரியிலும் மின்சாரம் மீதி இருந்தது. கருவியில் குற்றமில்லை. (சோதனை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வெறும் மண்ணில் தனியே வைத்தோம். அடிபட்ட லித்தியம் பேட்டரி நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். காருக்குள் வைக்கக் கூடாது.)

பிறகு கணக்குக்கு வந்தோம். எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம் கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். பொதுவாக 15 பாகையை ஒட்டி அது எல்லை தொடும். அதைத் தாண்டினால், இறக்கையின் முதுகை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு சுழலும், தூக்குவிசை சரிந்துவிடும். இதற்குப் பெயர்தான் ஸ்டால். மோட்டார் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நேரலாம்.

அவனுடைய விமானம் நேராகப் பறக்கையில் ஸ்டால் ஆகும் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அன்று வடகிழக்குக் காற்று 20. காற்றோடு போகும்போது, சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம் 50 என்றால், கீழே நிற்கும் நம் கண்ணுக்கு அது 70 ஆகத் தெரியும். "அடேயப்பா, என்ன வேகம்!" என்று பயந்து பையன் குறைக்கிறான். கண்ணுக்கு இப்போது 60. இறக்கைக்கோ வெறும் 40. நேராகப் போனால் இதுவும் போதும். ஆனால் அவன் 45 பாகை சாய்த்துத் திருப்பினான். உயரம் குறையாமல் அப்படித் திரும்ப, இறக்கை எடையைப்போல் 1.4 மடங்கு தாங்க வேண்டும். ஸ்டால் வேகமும் ஏறத்தாழ 42 ஆகிவிடும். இரண்டு கிலோமீட்டர் குறைந்தது, விமானம் போனது.

விழத் தொடங்கியதும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியை இன்னும் இழுத்திருக்கிறான். எல்லார் கையும் அப்படித்தான் போகும். அது கோணத்தை மேலும் கூட்டும். குச்சியைத் தளர்த்தி, மூக்கைத் தாழவிட்டு, மோட்டாரை முடுக்கியிருக்க வேண்டும். அதற்கு உயரம் வேண்டும். அவனிடம் அது இல்லை.

ஜோகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருக்கும் மைத்துனருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி இங்கிருப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. இங்கே 35 இல் ஸ்டால் ஆகும் விமானம் அங்கே 38 இலேயே ஆகிவிடும். டர்பனில் பழகிய கை அங்கே முதல் தரையிறக்கத்திலேயே ஏமாறும்.

இறக்கையை ஒட்டி எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்துப் போனோம். இந்த முறை நல்ல உயரத்துக்கு ஏற்றி, வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து ஸ்டால் ஆக்கச் சொன்னேன். மூன்று முறையும் இடது பக்கம்தான் முதலில் சரிந்தது. இறக்கிப் பார்த்தால், ஒட்டிய இடத்தில் நூலளவு முறுக்கு. அந்தப் பக்கத்துக் கோணம் சற்றுக் கூடியிருந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மேலுறையை இழுத்து நிமிர்த்தலாம் என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம்.