கான்கிரீட்டுக்கு முன்பே உப்பிவிட்ட பட்டை

இந்த மழைக்கும் அதே கதைதான். சுங்கை சிப்புட் பக்கம் புதிதாகக் கட்டிய நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கான்கிரீட் இணைப்பில், அதாவது முன்பு ஊற்றியதும் பிறகு ஊற்றியதும் சேரும் இடத்தில், கசிகிறது. அந்த இணைப்பில் வைத்திருந்த, தண்ணீர் பட்டால் உப்பும் ரப்பர் பட்டை கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே மழையில் ஊறி உப்பிவிட்டது. உப்பிய பட்டையைச் சுற்றிக் கான்கிரீட் இறுகினால், பிறகு பட்டை காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விழும். தண்ணீருக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி.

ரப்பர் கலவை தயாரிக்கும் என்னிடம் குத்தகைக்காரர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை மடங்கு உப்பும்?" என்பதுதான். கூடுதலாக உப்பினால் கூடுதலாக அடைக்கும் என்று நினைக்கிறார்கள். இது தவறு.

பால் மரத்து ரப்பருக்குத் தண்ணீர் பிடிக்காது, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. உப்புவது அதில் கலந்த சோடியம் பாலிஅக்ரிலேட் தூள். குழந்தைகளின் பேம்பர்ஸில் இருக்கும் அதே தூள். அதைக் கூட்டினால் பட்டை நன்றாக உப்பும், உண்மைதான். ஆனால் ரப்பரின் வலு குறையும், தூள் ரப்பரோடு ஒட்டாமல் உதிர்ந்து வெளியேறும், அடுத்த முறை நனையும்போது பட்டை முன்போல் உப்பாது. வாளித் தண்ணீரில் போட்டால் எல்லாப் பக்கமும் உப்ப இடம் உண்டு. கான்கிரீட்டுக்குள் இடம் ஏது? உப்ப முடியாத அந்தத் தவிப்புதான் அழுத்தமாகி இருபக்கச் சுவரையும் நெருக்குகிறது. கசிவை நிறுத்துவது அந்த அழுத்தம். அது வருடக்கணக்கில் நிலைக்க, தூளைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் வேண்டும். தண்ணீரை அவ்வளவாக வெறுக்காத எப்பாக்சி ஏற்றிய இயற்கை ரப்பரைக் கலவையில் சேர்ப்பது அதற்காகத்தான். அது நம் மலேசியாவிலேயே தயாராகிறது.

இன்னொன்று. சுத்தமான நீரில் சோதித்த உப்பல் அளவை நம்பி லுமுட் கடலோரத்தில் பட்டை வைக்காதீர்கள். கடல் நீரில் தூள் வெகுவாகக் குறைந்தே உப்பும்; சிமெண்டிலிருந்து வரும் கால்சியமும் அதை அடக்கும். வேலையிடத்துத் தண்ணீரிலேயே ஊறவைத்துப் பார்த்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டைக்கும் கான்கிரீட் விளிம்புக்கும் நடுவே போதிய கனம் விடுங்கள். பல தயாரிப்பாளர்கள் 75 மில்லிமீட்டர் கேட்கிறார்கள். குறைந்தால் உப்பும் அழுத்தமே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். விரிந்து சுருங்கும் இணைப்பில் இதை மட்டும் நம்பவே வேண்டாம்.

அப்புறம், தம்பிகளே, வானம் கறுத்திருந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். கான்கிரீட் லாரி வருகிற அன்றைக்குப் பட்டையை ஒட்டினால் போதும். நனைந்து உப்பியதைத் தயவுசெய்து காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், கழற்றிவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.