வோல்டேஜ் குறைகிறதா? அடாப்டரைத் தொடாதீர்கள்

"போர்டில் 7 வோல்ட்தான் வந்தது சார், அதனால் 12 வோல்ட் அடாப்டர் போட்டேன். அப்புறம் சத்தமே இல்லை." வீட்டிலேயே கட்டிய கிட்டார் பெடல் (கிட்டாரின் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி) ஒன்று ரிப்பேருக்கு வந்தால், பெரும்பாலும் கூடவே இந்தக் கதையும் வருகிறது. நேற்றும் வந்தது. பொறுமை தீர்ந்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

அடாப்டர் 9 வோல்ட் கொடுக்கிறது, போர்டில் 7 இருக்கிறது என்றால், அந்த 2 வோல்ட் வழியில் எதிலோ விழுகிறது. எதில் என்று தேடுவதுதான் வேலை. தேடாமல் 12 வோல்ட்டைத் திணித்தால் அந்தக் கோளாறு அப்படியே இருக்கும், கூடுதலாக நல்ல பாகமும் சாகும். 7660 மாதிரியான சார்ஜ் பம்ப் ஐசி (ஒரு வோல்டேஜிலிருந்து வேறு வோல்டேஜ் உண்டாக்கும் சிப்) 10.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 10 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அதுவும் உப்பும். என்னிடம் வந்த பெடலில் முதலில் இருந்த கோளாறு ஒரு மோசமான சால்டர். செத்ததோ ஐசி.

அதிகம் பார்ப்பது 7809 ரெகுலேட்டர், அதாவது வோல்டேஜை 9இல் நிலையாக வைக்கும் பாகம். 9 வோல்ட் அடாப்டரை இதில் கொடுத்துவிட்டு 9 வோல்ட் வரவில்லையே என்கிறார்கள். எப்படி வரும்? உள்ளே போவது, வெளியே வரவேண்டியதைவிட சுமார் 2 வோல்ட் கூடுதலாக இருக்கவேண்டும். ஏற்கெனவே நிலையான 9 வோல்ட் தரும் ரெகுலேட்டட் அடாப்டர் என்றால் 7809 தேவையே இல்லை, கழற்றுங்கள். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டி உச்சத்தில் 11.3 வோல்ட்தான் மிஞ்சும். லோடு (பெடல் இழுக்கும் கரண்ட்) ஏறியதும் அது 11க்குக் கீழே இறங்கி இறங்கி ஏறும், ஸ்பீக்கரில் ஹம் என்ற இரைச்சல் கேட்கும். அங்கே 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போடுவது சரி, ஏனென்றால் கூடுவது ரெகுலேட்டருக்கு முன்னால். இன்னொன்று: சின்ன 78எல்09இன் கால் வரிசை பெரிய 7809க்கு நேர் எதிர். இதைப் பார்க்காமல் சால்டர் செய்தவர்கள் ஏராளம்.

அடுத்தது, சப்ளையில் தொடராகப் போட்ட டயோடு. 1என்4007 என்றால் 0.7 வோல்ட் போகும், 1என்5817 போட்டால் அதில் பாதிகூடப் போகாது. அதன்பின் 100 ஓம் ஃபில்டர் ரெசிஸ்டர். 20 மில்லியாம்பியர் ஓடினால் அதிலேயே 2 வோல்ட் காலி.

தயவுசெய்து அடாப்டரைத் தனியாகப் பிடித்து அளக்காதீர்கள். லோடு இல்லாமல் அது எப்போதும் நல்ல பிள்ளைதான். பெடலில் செருகி, மீட்டரின் கருப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையை ஜாக்கிலிருந்து ஐசி கால் வரை ஒவ்வொரு பாகமாக நகர்த்துங்கள். எங்கே சட்டென்று குறைகிறதோ, அங்கே நில்லுங்கள். ஜாக்கிலேயே குறைவு என்றால் அடாப்டரின் மில்லியாம்பியர் போதவில்லை, அல்லது உள்ளே ஷார்ட். பாலாரிட்டி (பிளஸ், மைனஸ்) மாற்றிச் செருகியதில், சப்ளைக்குக் குறுக்கே போட்ட பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். ஏதாவது சுட்டால் உடனே பிடுங்குங்கள். (பயாஸ் புள்ளியில், அதாவது சப்ளையின் பாதி வோல்டேஜ் இருக்கவேண்டிய இடத்தில், 4.5க்குப் பதில் 4.1 காட்டினால் பதறவேண்டாம். 1 மெகா ஓம் வழியாக வரும் இடத்தில் மீட்டரின் 10 மெகா ஓமே வோல்டேஜை இழுக்கும்.)

500 மில்லியாம்பியர் அடாப்டர் சின்னப் பெடலை எரித்துவிடாது. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். எரிப்பது தப்பான வோல்டேஜும் தப்பான பாலாரிட்டியும். பெரும்பாலான பெடல்களில் ஜாக்கின் நடுமுனை நெகட்டிவ், செருகுமுன் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், கெப்பாசிட்டரை வைத்து மெயின்ஸிலிருந்து நேராக 9 வோல்ட் எடுக்கும் சர்க்யூட்டைப் பெடலுக்குக் கட்டாதீர்கள். அதில் மீட்டர் சரியாக 9 காட்டினாலும் மெயின்ஸிலிருந்து பிரிப்பு கிடையாது. பெடலின் கிரவுண்ட் கேபிள் வழியாகக் கிட்டாரின் கம்பிகளுக்கு வருகிறது. அந்தக் கம்பிகளில்தான் உங்கள் விரல்கள் இருக்கின்றன. கட்டி வைத்திருந்தால் இன்றே பிரித்துப் போடுங்கள், ஐசோலேஷன் உள்ள தரமான அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.