சொல் விளக்கம்: சொப்ரானோ – மேற்குரல்

மேலைச் செவ்விசையில் 'சொப்ரானோ' என்ற சொல்லைக் கேட்டதும், உச்ச சுரங்களில் சஞ்சரிக்கும் பெண் குரல் என்றே பெரும்பாலோர் பொருள் கொள்கிறோம். அகராதிகளும் ஏறத்தாழ அப்படியே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பொருள் முழுப் பிழையில்லை. ஆனால், 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த சொப்ரானோக்களுள் ஒருவரான மரியா காலாஸின் பழைய ஒலிப்பதிவுகளை இந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு கேட்பவர், அவற்றின் ஆழமான பகுதிகளைத் தவறவிட்டுவிடுவார்.

இது இத்தாலியச் சொல். 'மேலே' என்று பொருள்படும் 'சோப்ரா' இதன் வேர்; அதற்கும் மூலம் 'சூப்ரா' என்னும் இலத்தீன் சொல். ஐரோப்பியத் தேவாலயங்களில் பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளை இசைக்கும் முறை வளர்ந்தபோது, அடுக்கடுக்காக அமைந்த அந்த மெட்டு வரிசைகளுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. மூலப் பாட்டின் சுரங்களை நீட்டிப் பிடித்து நின்ற வரிசை, 'பிடித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் அடியாக டெனர் எனப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே அமைந்த வரிசையை 15ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் 'சுப்பீரியுஸ்' என்று குறித்தார்கள். இத்தாலியில் அவ்விடத்துக்குச் சொப்ரானோ என்ற பெயர் நிலைபெற்றது.

ஆக, இச்சொல் முதலில் சுட்டியது இசைக்குறிப்பில் ஓர் இடத்தை. அந்த இடத்தில் நின்று பாடியவர்கள் பெண்களாகவும் இருக்கவில்லை. தேவாலயப் பாடகர் குழுக்களில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டிருந்ததால், சிறுவர்களும், பொய்க்குரலில் பாடிய ஆண்களும், பருவம் எய்துமுன் விதைநீக்கம் செய்யப்பட்டுக் குரல் உடையாமல் வைக்கப்பட்ட 'காஸ்த்ராத்தி' பாடகர்களுமே மேல்வரிசையைப் பாடினார்கள். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாடிய அலெஸ்ஸாந்த்ரோ மொரேஸ்கி 1902இலும் 1904இலும் பதிவு செய்த இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன, அவரும் சொப்ரானோவே. இத்தாலிய இலக்கணத்தில் இச்சொல் இன்றளவும் ஆண்பாலில் வழங்குவது இந்த வரலாற்றோடு இயைந்தே நிற்கிறது.

இக்குரலின் வழக்கமான எல்லை, பியானோவின் நடு 'சி' சுரம் தொடங்கி மேலே இரண்டு ஸ்தாயி. கர்நாடக இசை பழகிய செவிக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம்: ஐந்து கட்டையில் பாடும் ஒரு பாடகி தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொடும்போது, சொப்ரானோவின் உச்ச 'சி' அதற்கும் மேலே கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி தள்ளி இருக்கிறது. அதுவும் ஒலிபெருக்கியின் துணையின்றி, முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும்.

இனி ஒலிப்பதிவுக்கு வருவோம். 1953 ஆகஸ்டில், மிலான் நகரின் லா ஸ்கலா அரங்கில், விக்டர் தெ சபாத்தா வாத்தியக் குழுவை நடத்த, புச்சீனியின் 'தோஸ்கா' என்னும் இசைநாடகம் (ஓபரா) காலாஸின் குரலில் பதிவு செய்யப்பட்டது. மூன்றாம் அங்கத்தில், தன்னைக் கொடுமைப்படுத்திய ரோம் நகரக் காவல் தலைவன் ஸ்கார்ப்பியாவை எப்படிக் குத்தினேன் என்று காதலனிடம் விவரிக்கும் நாயகி தோஸ்கா, 'கத்தி' என்ற சொல்லில் உச்ச 'சி'யைத் தொடுகிறாள். சொல்லின் நேர்ப்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் என் கணிப்பில் அந்தப் பதிவின் சிகரம் அதற்கு முந்தைய அங்கத்தின் முடிவில் இருக்கிறது. செத்துக் கிடப்பவனைப் பார்த்து, 'இவன் முன்னேதான் ரோம் முழுவதும் நடுங்கியது' என்கிறாள். அந்த வரி முழுவதும் நடு 'சி'யை ஒட்டிய ஒரே தாழ்ந்த சுரத்தில், பேச்சோடு பேச்சாக அமைந்தது. சொப்ரானோ குரலின் தரைமட்டம் அது. அந்த ஒரு வரிக்காகக் காலாஸ் அரைமணி நேரம் உழைத்ததாகப் பதிவின் தயாரிப்பாளர் வால்டர் லெக் நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள்: வெறுப்பும் களைப்பும் ஒருவித அருவருப்பும் அந்த ஒற்றைச் சுரத்தின் நிறத்திலேயே வந்துவிடுகின்றன. உச்சத்தை மட்டும் எதிர்பார்த்திருப்பவருக்கு இது ஏதோ இடைவெளி நிரப்பும் வசனமாகக் கடந்துபோய்விடும்.

சொப்ரானோவுக்குள்ளும் வகைகள் உண்டு. கனத்த வாத்தியக் குழுவுக்கு ஈடுகொடுக்கும் வலிய குரலை 'டிரமாட்டிக்' என்பார்கள். நம் பிருகாவுக்கு நெருங்கிய விரைவான சுர ஓட்டங்களில் தேர்ந்த குரல் 'கொலரத்துரா'. 'வண்ணமிடுதல்' என்பது அதன் பொருள். ஒரு குரல் இவற்றுள் ஒன்றுக்கே உரியது என்று கருதப்பட்ட காலத்தில், 1949 ஜனவரியில், வெனிஸில் வாக்னரின் 'வால்கூரே' இசைநாடகத்தில் வீராங்கனை புரூன்ஹில்டேயாகப் பாடிக்கொண்டிருந்த காலாஸ், நோயுற்ற மற்றொரு பாடகிக்குப் பதிலாகச் சில நாள்களில் பாடம் செய்து, பெல்லினியின் 'புரித்தானி'யில் மென்மையும் பிருகாவும் நிறைந்த எல்விராவாக மேடையேறினார். அதே ஆண்டின் இறுதியில் தூரின் நகரில் செத்ரா நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த முதல் இசைத்தட்டுகளிலும் வாக்னரும் பெல்லினியும் அடுத்தடுத்து வருகிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? நம் சி.எஸ்.ஐ. திருச்சபைப் பாடகர் குழுக்களில் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்றே வழங்குகிறார்கள். பேச்சில் அது நன்றாகவே புழங்குகிறது. எழுத்தில் தமிழ்ச்சொல் வேண்டுவோர் 'உச்சக்குரல்' என்கிறார்கள். அது கத்தலை நினைவூட்டுவதோடு, தோஸ்காவின் அந்தத் தாழ்ந்த வரியையும் வெளியே தள்ளிவிடுகிறது. 'பெண்குரல்' மொரேஸ்கியிடம் தோற்றுப்போகும். மெலிவு, சமன், வலிவு என்ற பழந்தமிழ் இசைச்சொற்களைத் தழுவி 'வலிவுக்குரல்' என்று ஆக்கினால், அவை ஸ்தாயியைக் குறிப்பவை. ஒரு சொப்ரானோவுக்குள்ளேயே இந்த மூன்றும் உண்டு என்பதால் குழப்பம் வரும். 'மேற்குரல்' என்பதே மூலச்சொல்லின் வேரோடும் வரலாற்றோடும் ஒட்டி நிற்கிறது: அடுக்கில் மேலே இருக்கும் குரல், அவ்வளவுதான். அதன் கீழ்ச் சுரங்களும் மேற்குரலின் சுரங்களே.

கொலரத்துராவைப் 'பிருகா மேற்குரல்' எனலாம். 'மெஸ்ஸோ' என்றால் இத்தாலியில் இடைப்பட்டது, பாதி என்று பொருள். ஆகவே மெஸ்ஸோ சொப்ரானோ 'இடைமேற்குரல்' ஆகும். பிசேயின் 'கார்மென்' இசைநாடகத்தின் நாயகி கார்மென் இடைமேற்குரலுக்குரிய பாத்திரமாகவே பெரிதும் பாடப்படுவது. காலாஸ் அதை மேடையில் ஒருபோதும் முழுமையாக நடித்ததில்லை. 1964இல் பாரிஸில் ஒலிப்பதிவுக்காக மட்டும் பாடினார். அப்போது அவரது உச்ச சுரங்கள் ஆட்டங்கண்டிருந்தன. நடுச் சுரங்களும் கீழ்ச் சுரங்களும் அந்தப் பதிவில் இன்னும் அவருடையவையாகவே ஒலிக்கின்றன.