கைக்குட்டையில் ராணுவப் பச்சை

"ராத்திரி பூரா இருமுதான் சார். மருந்து குடிச்சா ரெண்டு நாள் நிக்கி, பிறகும் அதே கதைதான்."

பெருமாள்புரத்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா சொன்னது இது. மகனுக்கு 26 வயது, வங்கியில் வேலை, சிகரெட் பழக்கம் கிடையாது. ஸ்டெத்தை வைத்தால் நெஞ்சில் லேசான விசில் சத்தம். சளி பச்சையாக வருகிறது என்றார். கிருமித் தொற்றாக இருக்கும் என்று முதல் தடவை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை வந்தபோதுதான் அவருடைய கைக்குட்டையை விரித்துப் பார்த்தேன். அது சளியின் மஞ்சள் கலந்த பச்சையாக இல்லை. நல்ல கரும்பச்சை. புள்ளி புள்ளியாகத் துணியில் காய்ந்திருந்தது.

"தம்பி, வீட்ல என்ன பண்ணுவீங்க?"

"டாங்கி மாடல் செய்வேன் சார்."

நெஞ்சு நோய் பார்க்கிற நான் எல்லோரிடமும் "என்ன வேலை?" என்று கேட்பேன். வீட்டுக்குப் போனபின் கை என்ன செய்கிறது என்று அன்றுவரை கேட்டதில்லை. இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்.

போனில் படம் காட்டினார். டி-55, 1971 போரில் நம் ராணுவத்திடம் இருந்த வண்டி. நிஜத்தில் 36 டன். 35-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் பீரங்கிக் குழாயோடு சேர்த்தே 26 சென்டிமீட்டர்தான். மட்கார்டு ஓரத்தில் பெயிண்ட் உரிந்து அடியிலிருக்கும் துரு தெரிகிறது. மழைத்தண்ணீர் வழிந்த கறை பக்கவாட்டில் கோடாக இறங்குகிறது. சக்கரப் பட்டையில் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை. இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அவர் வேலை செய்த அறையைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அது ஆடி மாதம். ஆடிக்காற்று எங்கள் ஊரில் வீட்டுக்குள் புழுதியை அள்ளிப் போடும். ஈரப் பெயிண்டில் ஒரு தூசு விழுந்தாலும் வேலை கெட்டது. அதனால் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகி, ஏசியைப் போட்டுக்கொண்டு ஏர்பிரஷால் (பெயிண்டைக் காற்றோடு பீய்ச்சுகிற பேனா மாதிரிக் கருவி) அடித்திருக்கிறார். வீடுகளில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. பெயிண்டும் தின்னரும் கலந்த அதே காற்றைத்தான் அவர் மூன்று மணி நேரம் இழுத்திருக்கிறார்.

வேலையின் வரிசையை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். முதலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு. டிங்கரிங் பட்டறைக்காரர்கள் வாங்குகிற கடையில் என்சி தின்னர் வாங்கிக் கலந்திருக்கிறார். அதில் பெரும்பாலும் டொலுயின் போன்ற கரைப்பான்கள் இருக்கும். ஏர்பிரஷ் முனையின் துளை 0.3 மில்லிமீட்டர்தான். அதன் வழியாக வருவது பனிமூட்டம் மாதிரி. பெரிய துளிகளை மூக்கு பிடித்துக்கொள்ளும், கைக்குட்டையில் நான் பார்த்த பச்சை அதுதான். சின்னத் துளிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். "தண்ணியில கலக்குற அக்ரிலிக்தான் சார் பச்சை, அதுல ஒண்ணும் இல்ல" என்றார். பிரஷால் தீட்டும்போது பெரிய பயம் இல்லை. அதையே அடித்துப் புகையாக்கினால் நிறப்பொடியும் பிசினும் சேர்ந்து உள்ளே போகும்.

துரு நிறத்துக்கு மேலே ஹேர் ஸ்பிரே அடித்து, அதற்கு மேலே பச்சை அடித்து, ஈரப் பிரஷால் தேய்ப்பாராம். ஹேர் ஸ்பிரே கரைந்து பச்சை அங்கங்கே உரிந்து வரும். அழகான உத்திதான், ஆனால் அந்த ஸ்பிரேயும் மூச்சில் இழுக்கத் தகுந்தது இல்லை. அப்புறம் ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிடுகிற வாஷ். ஏர்பிரஷைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூட இதற்குப் பயப்படுவதில்லை. ஆனால் இதுவும் நீளமான வேலைதான்: முகம் ஒரு சாண் தூரத்தில், இரண்டு மணி நேரம், பக்கத்தில் திறந்த டர்பன்டைன் கிண்ணம்.

தின்னர் கலந்து அடிக்கும்போது மட்டும் மாஸ்க் போட்டிருந்தார். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருந்த என்95. அது நுண்துகளில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். தின்னர் ஆவி துகள் அல்ல, வாயு. என்95-க்குள் தாராளமாகப் புகும். மாஸ்க் போட்டபின்னும் வாடை வருகிறதென்றால் ஆவி உள்ளே வருகிறது. வாடை நின்றுவிட்டால் ஆவி போய்விட்டது என்றும் நம்ப வேண்டாம், கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும்.

கரைப்பானுக்குத் தேவை கரிம ஆவிக்கென்று (ஆர்கானிக் வேப்பர்) செய்த, கரி நிரப்பிய குப்பி மாட்டும் ரப்பர் மாஸ்க். அதன் முன்னால் துகள் வடிகட்டியும் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். திறந்த கரிக்குப்பி சும்மா கிடந்தாலே காற்றில் இருப்பதை உறிஞ்சி வீணாகும். வேலை முடிந்ததும் இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள்.

என்95-க்கு வேலை வந்தது வேறு இடத்தில். துருவுக்கு என்ன பொடி என்று கேட்டேன். சாத்தான்குளம் பக்கம் போனபோது தேரிக்காட்டுச் செம்மணல் எடுத்துவந்து, குட்டி உரலில் இடித்துச் சலித்தாராம். நல்ல கண். தேரி மண்ணின் சிவப்பும் துருவின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் அந்தச் சிவப்பு வெறும் மேல்பூச்சு, உள்ளே இருப்பது குவார்ட்ஸ் மணல். அதைக் காய வைத்து இடித்தால் கிளம்புகிற நுண்தூசு, கல் உடைப்பவர்களுக்கு சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோயைக் கொடுக்கிற அதே சிலிக்கா. ஒருநாள் இடித்ததில் சிலிகோசிஸ் வந்துவிடாது. இருந்தாலும் இடிக்கவே வேண்டாம். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கிற செந்நீரை மட்டும் வடித்துக் காயவிட்டால் பொடி கிடைக்கும். அதைத் தூவும்போது என்95 போதும்.

சின்ன வயதில் அவருக்கு வீசிங் இருந்திருக்கிறது. மூச்சை ஊதும் வேகத்தை அளக்கிற பீக் ஃப்ளோ மீட்டர் கொடுத்து இரண்டு வாரம் காலையும் இரவும் ஊதி எழுதிவரச் சொன்னேன். சாதாரண நாளில் நிமிடத்துக்கு 470 லிட்டர். ஏர்பிரஷ் எடுத்த சனி, ஞாயிறு இரவுகளில் 360. அந்தத் தாளைப் பார்த்தபின் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இன்ஹேலர் ஒழுங்காக எடுத்தார். ஒரு பெட்டிக்குள் ப்ளோயர் பொருத்தி, குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டார். தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்பதால், காற்று போகிற பாதையில் மோட்டார் உட்காராத ப்ளோயராகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தேன். சாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலையே கூடாது. இப்போது காற்று அடங்கியிருக்கிற விடியற்காலையில், எதிர் ஜன்னலைத் திறந்துவைத்து அடிக்கிறார்.

ஒன்றை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம் என்றேன்: இரண்டு டப்பாவைக் கலந்து காருக்கு அடிக்கிற, கிளியர் என்கிற பளபளப்புப் பூச்சு. அதிலுள்ள ஐசோசயனேட் என்கிற ரசாயனம் ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். பல மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில்கூட மூச்சுத் திணறும். அதனால் சாயங்காலம் அடித்த பெயிண்டை யாரும் சந்தேகப்படுவதில்லை.

போன மாதம் அவருடைய அக்கா இரண்டு வயதுக் குழந்தையோடு வந்திருப்பதாகச் சொன்னார். பிரஷ் கழுவுகிற டர்பன்டைன் எதில் இருக்கிறது என்று கேட்டேன். ஜூஸ் பாட்டிலில். அன்றே மாற்றச் சொன்னேன். மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் எதுவானாலும் கடையில் வாங்கிய டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள்.